அடுப்புக்கு மேல் தொங்கிய கறி

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் காட்டுப் பன்றி விழுந்தால் தாடைக்கறி எனக்கு. தொடை யாருக்கு, விலா யாருக்கு என்று பெண்டுகள் மல்லுக்கு நிற்பார்கள். தாடையை மட்டும் யாரும் கேட்கமாட்டார்கள். நான் கறி பார்க்கிறவன் என்பதால் அது எனக்கு என்று ஆகிப்போயிருந்தது.

கண்டியில் ஓர் ஆய்வுகூடத்தில் எனக்கு வேலை. மிருகங்களின் நோய்களைப் பரிசோதிக்கிற இடம். அங்கே நான் கண்ணாடித் தட்டுக் கழுவினேன், குப்பி கழுவினேன், மேசை துடைத்தேன். வருடக்கணக்கில் துடைத்ததில், பார்க்கிறவர்களுக்குப் பின்னால் நின்று நானும் பார்க்கப் பழகிக்கொண்டேன். ஆய்வுகூடத்தில் என்னைக் கூப்பிடப் பெயர்கூடத் தேவைப்படவில்லை, மணி அடித்தால் போவேன். ஆனால் சாயந்தரம் ஹந்தானை மலை ஏறி லயத்துக்குள் நுழைந்தால் நான் பாதி டொக்டர். அந்தப் பெருமை எனக்கு நிறையவே இருந்தது. இப்போது நினைத்தால் வாய் கசக்கிறது. அந்தப் பெருமைக்காரன்தான் என் அக்காவின் புருஷனைக் கொன்றான்.

கறி பார்ப்பது இப்படித்தான். பன்றி எப்படிச் செத்தது என்று முதலில் கேட்பேன். துள்ளத் துடிக்கக் கண்ணியில் மாட்டியதா, முன்னமே சுருண்டு கிடந்ததா? ஆளைக் கண்டும் ஓடாத மிருகத்தைத் தொடவே விடமாட்டேன். பிறகு அறுக்கிறவன் கையை விரித்துக் காட்ட வேண்டும். தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி கீறாத கை தோட்டத்தில் அபூர்வம், புண் இருந்தால் அவன் தள்ளி நிற்க வேண்டியதுதான். தாடைத் தசையை மெல்லிசாக விரித்து வெயிலுக்கு நேராகப் பிடிப்பேன். அரிசி மணி மாதிரி வெள்ளையாக நீர்க் குமிழ் தெரிந்தால் முழுப் பன்றியும் குழிக்குத்தான். ஈரலில் வெள்ளைப் புள்ளியும், கழுத்துக் கழலைக்குள் தயிர் மாதிரிச் சீழும் பார்ப்பேன். குடலை நாய்க்கு வீச விடமாட்டேன், சுண்ணாம்பு தூவிப் புதைக்கச் சொல்வேன். சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவாதவனைப் பங்குக்குச் சேர்க்கமாட்டேன்.

வெறுங்கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. தசைக்குள்ளே சுருண்டு படுத்திருக்கிற ஒரு புழு. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற மெல்லிய தசையில்தான் அது அதிகம் இருக்கும். அதில் ஒரு துண்டைக் காகிதத்தில் சுற்றி ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோவேன். பெரியவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் இரண்டு கண்ணாடிக்கு நடுவில் நசுக்கி மைக்ரஸ்கோப்பில் பார்ப்பேன். நான் திரும்பி வந்து சரி என்று சொல்லும்வரை லயத்தில் கறி உப்புத் தடவிக் காத்திருக்கும். அத்தனை வருடத்தில் நான் அந்தப் புழுவை ஆய்வுகூட அலுமாரியில் இருந்த பழைய கண்ணாடி ஒன்றில்தான் கண்டிருந்தேன். எங்கள் பன்றிகளில் ஒரு தடவையும் கண்டதில்லை.

எண்பத்து மூன்றுக் கலவரத்தில் எங்கள் லயத்தின் ஒரு பக்கக் கூரை எரிந்தது. நாங்கள் காட்டு ஓரமாக ஒளிந்திருந்துவிட்டு வந்து, எரியாத பக்கத்தில் நெருக்கிக்கொண்டு குடியிருந்தோம். பிறகு யுத்தம் என்றார்கள். பன்றி சுடுகிற தோட்டத்துக் காவல் துவக்கை வாங்கிக்கொண்டு போனார்கள். துவக்குப் போன செய்தி எங்களுக்கு முந்திப் பன்றிகளுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு வருடத்தில் மரவள்ளியும் இல்லை, வற்றாளைக் கிழங்கும் இல்லை. விடிந்து பார்த்தால் தோட்டம் உழுது போட்டமாதிரிக் கிடக்கும்.

என் தம்பி ஒருவன் இருந்தான். வீட்டில் சின்னவன் என்போம். பெயர்தான் சின்னவன், வயது இருபத்தாறு. யார் பேச்சும் அவன் காதில் ஏறாது. அவன் எங்கேயோ கற்றுக்கொண்டு வந்து பன்றி வெடி செய்யத் தொடங்கினான். தீனிக்குள் வெடிமருந்தை மறைத்துப் போட்டுவிடுவான், பன்றி வந்து கடித்ததும் வெடிக்கும். சுற்றுக் கிராமங்களில் பலரும் செய்ததுதான். அவர்கள் வீட்டில் பிடிபட்டால் அது பன்றி வெடி. எங்கள் லயத்தில் பிடிபட்டால் அதற்கு வேறு பெயர் வைப்பார்கள் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"உன்னைப் புலின்னு புடிச்சிட்டுப் போனா யாருடா வந்து கேக்கிறது?" என்று சத்தம் போட்டேன்.

"நீ மாசம் பொறந்தா சம்பளம் எடுக்கிற. மரவள்ளி போனா அக்கா வீட்ல எதைத் திங்கிறது?" என்றான்.

அவன் சொன்னது சரிதான். அதனாலேயே எனக்குக் கோபம் வந்தது. இரண்டு வாரம் அவனோடு பேசவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவனுடைய வெடியில் பெரிய பன்றி ஒன்று விழுந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் தோலை வழித்து, குடலையும் நெஞ்சுக்கூட்டில் இருந்ததையும் வாரி ஓடைப் பள்ளத்தில் கொட்டியிருந்தார்கள். வெடிச் சத்தம் கீழே ரோட்டுக்குக் கேட்டிருக்குமோ என்ற பயத்தில் அவ்வளவு அவசரம். தாடை இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. முகத்தில் பாதியை வெடி கொண்டுபோயிருந்தது. நான் பார்க்கிற தசை எதுவும் அந்தப் பன்றியில் மிச்சமில்லை.

தொடையில் ஒரு துண்டு வெட்டிக்கொண்டு போயிருக்கலாம். புழு அங்கேயும் இருக்கும், தேடிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்த வாரம் கொழும்பில் எங்கேயோ குண்டு வெடித்திருந்தது. ஹந்தானை ரோட்டுச் சோதனைச் சாவடியில் பையைத் தலைகீழாகக் கொட்டிப் பார்த்தார்கள். கருமருந்து நாற்றம் அந்தக் கறியில் இருந்தது, அல்லது இருந்ததாக எனக்குத் தோன்றியது. சாவடியில் நிற்கிற ஆள் அதை மோந்து பார்க்கிறமாதிரி ஒரு படம் மனதில் ஓடியது. சீக்கிரம் அந்தப் பன்றி கண்ணை விட்டு மறைந்தால் போதும் என்று இருந்தது எனக்கு.

"நல்லா வேக வச்சுத் தின்னுங்க" என்றேன்.

"பாத்துட்டியா மாப்புள?" என்று கேட்டார் மச்சான், என் அக்காவின் புருஷன்.

"பாத்துட்டேன்" என்றேன்.

மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். கவ்வாத்து வேலைக்காரர். அதிர்ந்து பேசமாட்டார். நான் ஆய்வுகூட வேலைக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போனது அவருடைய கலியாணச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான். தோள் எனக்குப் பெரிதாக இருந்தது, அக்கா உள்பக்கம் ஊசி குத்தி அனுப்பினாள். வேலை கிடைத்ததும் லயம் முழுக்க மாப்புள மாப்புள என்று சொல்லித் திரிந்தவர் அவர். நான் பார்த்த கறி என்றால் அவருக்கு அதற்கு மேல் கேள்வி கிடையாது.

எல்லார் வீட்டிலும் அன்றைக்குக் கறி கொதித்தது. மச்சான் மட்டும் தன் பங்கில் பாதியை வார் வாராக அறுத்து, உப்பும் மஞ்சளும் தடவி, அடுப்புக்கு மேலே கம்பியில் தொங்கவிட்டார். புகை குடித்த இறைச்சியைத் தணலில் வாட்டிப் பல்லால் இழுத்துத் தின்பது அவருக்குப் பிடிக்கும். உள்ளே சிவப்பாகவே இருக்கும். அடுத்த வாரம் அக்கா வீட்டுக்குப் போனபோது அந்த வார்களைப் பார்த்தேன். உப்புக்கும் புகைக்கும் அந்தப் புழு சாகாது, கொதித்தால்தான் சாகும். அது அந்த லயத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். சொன்னால், அப்படியானால் நீ பார்க்கவில்லையா என்று கேட்பார். பார்க்காமல் பார்த்தேன் என்று சொன்னவனுக்கு வாய் எப்படித் திறக்கும்? தேத்தண்ணி குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

முதலில் மச்சானுக்கு வயிற்றாலை போனது. மழைத் தண்ணீர் என்றார்கள். பத்து நாள் போல் கழித்துக் காய்ச்சல் வந்தது. உடம்பு முழுக்க அடித்துப் போட்டமாதிரி வலி, கத்தி பிடிக்க முடியவில்லை. ஒரு காலையில் எழும்பியபோது இரண்டு கண்ணும் வீங்கி மூடிக் கிடந்தன. தோட்டத்து மருந்துக்காரர் சிறுநீரகம் என்றார். கறி என்று ஒருவரும் நினைக்கவில்லை. லயமே தின்றது, ஒருவருக்கும் ஒன்றும் இல்லையே! எனக்கு மட்டும் வீங்கின கண்ணைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஆய்வுகூடச் சுவரில் ஒரு படம் தொங்கும், அந்தப் புழு மனிதருக்குச் செய்வதை வரைந்த படம். ஒவ்வொரு நாளும் அதன் தூசியைத் துடைத்தவன் நான்.

கண்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வார்ட்டில் ஒரு சிங்கள டொக்டரம்மா, வயது முப்பது இருக்கும். கையால் தொட்டுப் பார்த்து, குனிந்து கேட்டு, நோயாளியை மனிதனாக நடத்துகிற ஆள். அவருக்குத் தமிழ் வராது. அக்காவுக்குச் சிங்களத்தில் பஸ்ஸுக்குக் கை காட்டவும் கடையில் பாண் வாங்கவும்தான் தெரியும். நடுவில் நான் நின்றேன்.

அடுத்த கட்டிலில் விலங்கு மாட்டிய கைதி ஒருவன் காலில் கட்டோடு கிடந்தான். அவன் பக்கத்தில் கதிரை போட்டு ஒரு பொலிஸ்காரர் உட்கார்ந்திருந்தார். சிங்களப் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். நாங்கள் பேசுவது அவர் காதில் விழாமல் இருக்க வழியே இல்லை.

டொக்டரம்மா மச்சானின் இமையை விரலால் அழுத்திப் பார்த்தார். கெண்டைக்கால் தசையை அழுத்தினார், மச்சான் முனகினார். பிறகு என்னைப் பார்த்து நேராகக் கேட்டார். "தட மஸ் கேவத? வேட்டைக் கறி ஏதாவது சாப்பிட்டாரா, இந்த ஒரு மாதத்துக்குள்?"

அத்தனை சரியான கேள்வி. எந்த ஊரில் படித்தாரோ, எந்தப் புத்தகத்தில் பார்த்தாரோ, முதல் நாளே அந்தக் கதவைத் தட்டிவிட்டார்.

அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேள்வியை அவளிடம் சொன்னேன்.

"ஆமா டொக்டரம்மா" என்று அக்கா நேரே அவரைப் பார்த்தே சொன்னாள். "பன்னிக்கறி. எங்க சின்னவன் அடிச்சது. நாங்கல்லாம் வேக வச்சுத் தின்னோம். இவரு காய வச்சு, சுட்டுச் சுட்டுத் தின்னாரு. இன்னமும் அடுப்புக்கு மேல கெடக்கு. அதாலயா இருக்கும்மா?"

பொலிஸ்காரர் பத்திரிகையின் பக்கத்தைத் திருப்பினார்.

வேட்டை என்று நான் சிங்களத்தில் சொன்னால் எங்கே என்பார்கள். யார் அடித்தது என்பார்கள். எதால் என்பார்கள். பன்றியின் முகத்தைப் பிய்த்தது கண்ணி அல்ல என்பது இரண்டாவது கேள்வியில் தெரிந்துவிடும். சின்னவனைக் கொண்டுபோய்விடுவார்கள். இவ்வளவும் ஒரு மூச்சு இழுக்கும் நேரத்தில் ஓடியது.

"இல்லையாம் மிஸ்" என்றேன் சிங்களத்தில். "கடையில் வாங்கின பன்றிக்கறி ஒரு தடவை சமைத்தார்களாம்."

டொக்டரம்மா அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இவ்வளவு நீளமாகச் சொன்னாரே?"

"அழுகிறா மிஸ். வேறொன்றுமில்லை."

அவர் தலையாட்டிவிட்டு எழுதினார். எலிக்காய்ச்சலுக்கும் சிறுநீரகத்துக்கும் பரிசோதனை எழுதினார் என்று பிறகு தெரிந்தது. அக்காவுக்கு ஒரே நிம்மதி. உள்ளதைச் சொல்லிவிட்டோம், இனி அந்தம்மா பார்த்துக்கொள்வார் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

நான் இதற்கு நியாயம் தேடாத நாள் இல்லை. வெளியே கூட்டிப்போய்த் தனியாகச் சொல்லியிருக்கலாம். கண்ணியில் விழுந்த பன்றி என்று ஒரு பொய்யைச் சேர்த்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்திருக்கலாம். பயந்தவனுக்கு இரண்டாவது வழி தெரிவதில்லை. கூரை எரிந்த நாளிலிருந்து நான் அப்படித்தான் இருந்தேன், பொலிஸ்காரர் கொட்டாவி விட்டால்கூட அடையாள அட்டையைத் தேடுவேன்.

அந்த வாரம் வியாழக்கிழமை அக்கா வீட்டுக் கம்பியிலிருந்து ஒரு வார் கறியை எடுத்துச் சோற்றுப் பெட்டியில் சோற்றுக்கு அடியில் வைத்துக் கொண்டுபோனேன். சாவடியில் பெட்டியைத் திறந்து பார்த்து, மூடி, கையில் கொடுத்தார்கள். யாரும் மோந்து பார்க்கவில்லை. மதியம் நசுக்கிப் பார்த்தேன். முதல் கண்ணாடியிலேயே இருந்தது. எலுமிச்சை விதை மாதிரி ஒரு கூடு, உள்ளே சுருண்ட புழு. இரண்டாவதிலும் இருந்தது. அலுமாரியில் இருந்த பழைய கண்ணாடியை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை.

அப்படியே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன் என்று எழுதத்தான் ஆசை. ஓடவில்லை. உண்மையைச் சொல்வதற்கு முன் சின்னவனை லயத்திலிருந்து கிளப்ப வேண்டும் என்று கணக்குப் போட்டேன். வெள்ளிக்கிழமை அவனைக் குட்ஷெட் நிலையத்தில் பஸ் ஏற்றித் தெல்தோட்டைக்குக் கொண்டுபோனேன். அங்கே எங்கள் சின்னம்மா வீடு. சின்னம்மாவுக்குச் சுகமில்லை, கூட இரு என்று அவனிடமும் ஒரு பொய். வழியில் இரண்டு இடத்தில் இறக்கிச் சோதித்தார்கள். திரும்பி வந்தபோது ஆஸ்பத்திரியில் பார்க்க விடுகிற நேரம் முடிந்துவிட்டது.

சனிக்கிழமை காலை டொக்டரம்மாவை வராந்தாவில் மறித்துச் சொன்னேன். காட்டுப் பன்றி, வேகவைக்காத கறி, புழுவை நானே கண்ணால் பார்த்தேன், எல்லாம் சொன்னேன். எதால் கொன்றது என்று கேட்டால் சொல்ல ஒரு பதிலைக் கட்டி வைத்திருந்தேன். அவர் கேட்கவேயில்லை. யார் கொன்றது என்றும் கேட்கவில்லை. எப்போது தின்றார், எவ்வளவு தின்றார், வேறு யாராவது வேகாமல் தின்றார்களா, மிச்சக் கறி எங்கே என்று மட்டும் கேட்டார். மிச்சத்தை எரிக்கச் சொன்னார்.

பிறகு பேனாவை மூடினார். "நான் முதல் நாளே கேட்டேனே" என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் குரலில் கோபமே இல்லை.

அன்றைக்கே மருந்து மாற்றினார்கள். ஆனால் அதற்குள் இருதயத் தசைக்கும் கேடு வந்துவிட்டது என்றார்கள். செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு மச்சான் செத்துப்போனார். ஒரு நாள் முன்னாடி கண் வீக்கம் கொஞ்சம் வற்றியிருந்தது. என்னை அடையாளம் கண்டு, "வேலைக்குப் போகலியா மாப்புள?" என்று கேட்டார். அவரிடம் எதையாவது சொல்ல எனக்கு அந்த ஒரு நாள் இருந்தது. லீவு என்றேன்.

சின்னவனின் கதை வேறு. தெல்தோட்டையில் அடுத்த வாரமே ஆமிக்காரர்கள் சுற்றி வளைத்தார்கள். வீட்டு வீடாகப் பெயர் எழுதின பட்டியல் இருந்த காலம். சின்னம்மா வீட்டுப் பட்டியலில் இல்லாத ஆள் அவன் ஒருவன்தான். எங்கள் லயத்துப் பட்டியலில் அவன் பெயர் இருந்தது. அங்கேயே விட்டிருந்தால் அன்றைக்கு வீட்டில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பான். நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். பதினொரு மாதம் வைத்திருந்தார்கள். வெளியே வந்தபோது ஒரு காது கேட்கவில்லை. உள்ளே அவனிடம் என்னென்னவோ கேட்டார்களாம். பன்றி வெடியைப் பற்றி மட்டும் ஒருவரும் கேட்கவில்லையாம்.

அதற்குப் பிறகு நான் கறி பார்க்கவில்லை. கேட்டு வந்தவர்களை விரட்டினேன். இப்போது லயத்துப் பிள்ளைகள் டவுனில் வேலை செய்கிறார்கள், கடைக் கோழி வாங்கித் தின்கிறார்கள். அந்த மட்டில் நல்லது.

அக்கா அந்த டொக்டரம்மாவை ஒரு நாளும் குறை சொன்னதில்லை. தன்னைத்தான் சொல்வாள். "நான் அன்னிக்கே எல்லாத்தையும் சொன்னேன். அந்தம்மா நல்ல மனுசி. எனக்கு ஒழுங்கா சொல்லத் தெரியல. அடுப்புக்கு மேல தொங்கினதை இன்னும் வெளக்கமா சொல்லியிருக்கணும்." மகளைச் சிங்களப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாள். ஊரே சிரித்தது. ஆஸ்பத்திரியில் வாய் திறந்து பேசத் தெரிய வேண்டும் என்றாள், வேறு காரணம் சொல்லவில்லை.

அந்த மகள் கலியாணம் முடித்துத் தூரத்தில் இருக்கிறாள். அக்காவுக்குச் சர்க்கரை. மாதம் ஒரு தடவை கிளினிக்குக்கு நான்தான் கூட்டிப்போகிறேன். டொக்டர் கேட்பதை அவளுக்குச் சொல்கிறேன். அவள் சொல்வதை ஒரு சொல் குறையாமல், தும்மினதைக்கூட விடாமல், டொக்டருக்குச் சொல்கிறேன். போதும் போதும் என்று அவர்களே நிறுத்துவார்கள்.

போன மாதம் வரிசையில் இருந்தபோது பக்கத்தில் ஒரு கிழவி, மொழி தெரியாமல் அழுதுகொண்டிருந்தாள். அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அழாதீங்க. என் தம்பி இருக்கான்" என்றாள். "உங்களுக்கும் அவனே பேசுவான். நம்ம சொல்றதை அப்படியே சொல்லுவான், ஒண்ணும் மறைக்கமாட்டான்."

எழுந்து அந்தக் கிழவியோடு உள்ளே போனேன்.